வன்னியில் நோயும் மருந்தும்

யாழ்ப்பாணக் குடாநாட்டை விட்டு ஆனையிறவைக் கடந்து தெற்கே செல்வோருக்கு எதிர்ப்படும் பெருநிலமே வன்னி. இன்றைய கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்னும் மூன்று மாவட்டங்களும் அதன் பெரும்பகுதியாகும். குளமும் வயலும் காடும் ஒன்றையொன்று தழுவிக் கிடக்கும் இந்நிலத்தின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் வன்னிமைகளைப் பற்றியும், 1803ஆம் ஆண்டில் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய பண்டாரவன்னியனைப் பற்றியும் விரிவாக எழுதியுள்ளனர். ஆனால் வன்னி மக்களோடு தலைமுறை தலைமுறையாகப் பொருது நின்ற வேறு சில பகைகளும் உள்ளன. கண்ணுக்குப் புலனாகாத கிருமிகளே அவை. அவற்றுள் ஒன்று எவ்வாறு இனங்காணப்பட்டது, அதற்குரிய மருந்து எவ்வாறு தெரிந்தெடுக்கப்பட்டது, அதே மருந்து வேறு கிருமிகளிடத்தில் ஏன் செல்லாது போயிற்று என்பன வன்னியின் சரித்திரத்தில் இடம்பெறத் தகுந்த செய்திகளே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வன்னிக்குச் சென்ற ஆங்கிலேய உத்தியோகத்தர் பலரும் ஒரே காட்சியைக் கண்டனர். குளக்கட்டுகள் உடைந்து கிடந்தன. வயல்கள் காடாகியிருந்தன. ஊர் என்று பெயர் பெற்ற இடத்தில் சில குடிசைகளே எஞ்சியிருந்தன. அக்குடிசைகளில் வாழ்ந்தோர் மேனியில், சிறப்பாகச் சிறுவர் மேனியில், கொப்புளித்து வெடித்து மஞ்சள் நிறப் பொருக்குப் படர்ந்த புண்கள் காணப்பட்டன. பறங்கி நோய் என்பது அதன் பெயர். சிங்கள மக்களும் அதனைப் பறங்கி என்றே வழங்கினர்.

மன்னிக்குடி ஏன் அருகுகின்றது என்னும் வினா அரசாங்கத்துக்குப் பெருங் கவலையாயிற்று. 1860களின் பிற்பகுதியில் டாக்டர் ஜேம்ஸ் லூஸ் என்பவர் இதனை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். 1881ஆம் ஆண்டில் பிரதம வைத்திய அதிகாரியாயிருந்த டாக்டர் கின்சி பறங்கி நோயைப் பற்றியே தனி அறிக்கை ஒன்றினை வெளியிட்டார். ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைந்நூலும் இந்நோயைக் கூறாமல் விடவில்லை. கெட்ட நீரும் ஊட்டமற்ற உணவுமே நோய்க்குக் காரணம் என்னும் கருத்து அக்காலத்தில் மேலோங்கி நின்றது. குளங்களைத் திருத்தி, நெல் விளைவித்து, நல்ல நீர் கொடுத்தால் நோய் தானே விலகும் என்று பலர் நம்பினர். ஆள்பதி கிரகரியின் காலத்தில், அதாவது 1872க்கும் 1877க்கும் இடையில், வறண்ட வலயத்துக் குளங்களைத் திருத்தும் பணி ஊக்கம் பெற்றதற்கு இந்நம்பிக்கையும் ஒரு துணைக்காரணமாகும்.

இக்கருத்து முற்றும் பிழையன்று. பறங்கி நோய் ஒருவர் தோலிலிருந்து மற்றவர் தோலுக்குத் தொற்றுவது. குளிக்க நீரும், மாற்றிக்கட்ட உடையும், நெருக்கமில்லாத உறைவிடமும் உள்ள ஊரில் அது பரவுதல் குறையும். ஆனால் அறிக்கை எழுதியோர் ஒன்றனைத் தவறவிட்டனர் என்றே கொள்ளவேண்டும். பறங்கி நோய் எலும்பை வளைக்கும், மூக்கைச் சிதைக்கும், உள்ளங்காலில் புண்ணாகி நடக்கவொட்டாது செய்யும். எனினும் அது உயிரைக் கொள்வது அரிது. ஊர்களை வெறுமையாக்கிய கொடுமையில் பெரும்பங்கு மலேரியாக் காய்ச்சலுக்குரியது எனக் கருதுவதே பொருந்தும். புண் கண்ணுக்குத் தெரிந்தது. காய்ச்சலோ வன்னியின் இயல்பு என்று விடப்பட்டது. நுளம்பே மலேரியாவைச் சுமக்கின்றது என்பதை ரொனால்ட் ரொஸ் 1897இல் செகந்தராபாத்தில் காணும் வரை அது பரவும் வழி உறுதியாகத் தெரியாது.

பறங்கி என்னும் பெயரும் மயக்கத்தை வளர்த்தது. பறங்கியர் என்போர் போர்த்துக்கேயர். ஆகவே இந்நோயை அவர்களே கொணர்ந்தனர் என்பது பெயரைக் கொண்டு பிறந்த ஊகம். தமிழ் வைத்தியத்தில் பறங்கிவியாதி, பறங்கிப்புண் என்னுஞ் சொற்கள் மேகநோயையும் குறித்தன. பாலுறவால் பரவும் மேகப்புண்ணும், விளையாடும் பிள்ளைகளிடையே பரவும் பறங்கிப்புண்ணும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டமையால், ஒன்றுமறியாத சிறுபிள்ளையின் புண்ணுக்கும் பெற்றோர் தலைகுனிய நேர்ந்திருக்கும். மேலைநாட்டு வைத்தியர்களிடையிலும் இரண்டும் ஒன்றே என்று வாதித்தவர் இருந்தனர்.

பரியாரிமார் கைவசம் வைத்திருந்த மருந்துகள் சில. சீனநாட்டிலிருந்து வந்த பறங்கிப்பட்டை அவற்றுள் ஒன்று. இக்கிழங்கு பதினாறாம் நூற்றாண்டிலேயே கோவாத் துறைக்கு வந்து, மேகநோய் மருந்தாகப் புகழ் பெற்று, பறங்கியர் பெயரையும் தன்னோடு ஒட்டிக்கொண்டது. இரசமும் பாஷாணமும் சேர்ந்த கூட்டு மருந்துகளும் வழங்கின. பாஷாணம் என்பதில் ஆசனிக்கும் அடங்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியிலே பிறந்த புது மருந்தும் ஆசனிக்குச் சேர்ந்ததே. இதனைக் கொண்டு, மேலைநாட்டார் கண்டதைச் சித்தர் முன்னரே கண்டுவிட்டனர் என்பாரும் உளர். அது மிகைக் கூற்று. நச்சுப்பொருள் ஒன்று நோயை அடக்குவதைக் காண்பது வேறு, எந்தக் கிருமியை எந்த அளவால் அழிக்கின்றோம் என்று அறிவது வேறு.

அந்த அறிவு கொழும்பிலே பிறந்தது. 1903இல் இலங்கைக்கு வந்த அல்டோ கஸ்தெல்லானி என்னும் இத்தாலிய வைத்தியர், பறங்கி நோயாளரின் புண்ணிலிருந்து எடுத்த நீரை உருப்பெருக்கிக் கண்ணாடியின்கீழ் வைத்து நோக்கிவந்தார். 1905ஆம் ஆண்டில், திருகுசுருள் போல வளைந்து நெளியும் மெல்லிய கிருமி ஒன்று அதில் இருப்பதைக் கண்டார். அதே ஆண்டிலேதான் ஜெர்மனியில் ஷாவுடின், ஹொப்மன் என்போர் மேகப்புண்ணின் கிருமியைக் கண்டனர். இரண்டும் நெருங்கிய உறவின. தோற்றத்தால் பிரித்தறிவது இயலாது. ஆயினும் நோயின் போக்கு வெவ்வேறு. கஸ்தெல்லானி குரங்குகளிடத்துச் சோதனை செய்து, பறங்கி தனிநோய் என்னும் முடிபை வலியுறுத்தினார். கெட்ட நீர், ஊட்டமற்ற உணவு என்று பல திசையிலும் தேடப்பட்ட காரணம் இப்போது ஓர் உயிராக, உருவத்தோடு, கண்முன் நின்றது. உலகமெங்கும் இந்நோயைத் தீர்க்க எழுந்த முயற்சிக்கு அடிப்படையான இக்கண்டுபிடிப்பில், பெயர் தெரியாத இலங்கை நோயாளர் சிலரின் புண்ணுக்கும் பங்குண்டு.

கிருமி தெரிந்ததும் மருந்து தேடுவது எளிதாயிற்று. போல் எர்லிக்கும் அவருடன் உழைத்த ஜப்பானியர் ஹாத்தாவும் 1909இல் கண்ட 606ஆம் இலக்கச் சேர்வை, மறு ஆண்டில் சல்வர்சான் என்னும் பெயரோடு வெளிவந்தது. பறங்கிப்புண் அம்மருந்தால் வியக்கத்தக்க விரைவில் ஆறியது. ஆனால் அதனை நரம்பிலேதான் செலுத்தவேண்டும். அளவு மிகுந்தால் நஞ்சு. ஊசிகளும் பலமுறை போடவேண்டும். புண் காய்ந்தவுடன் நோயாளி மறுபடி வராது நின்றுவிடுவது வழக்கமாயிற்று. காட்டுவழியே பல மைல் நடந்து மருந்தகத்தை அடையவேண்டிய வன்னிக் குடியானவனைக் குறைகூறவும் இயலாது. அரைகுறையாக மருந்து பெற்றவன் உடலில் கிருமி ஒளிந்திருந்து, ஆண்டுகள் கழித்து எலும்பிலே வெளிப்பட்டது.

1928இல் லண்டனில் அலெக்சாந்தர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டார். ஒக்ஸ்போட்டில் புளோரியும் செயினும் அவர்தம் துணைவரும் 1940இல் அதனை மருந்தாக்கினர். 1943இல் அமெரிக்க வைத்தியர் மஹொனி மேகப்புண் நோயாளர் நால்வருக்கு அதனைக் கொடுத்துக் குணங் கண்டார். மேகக் கிருமி அழியுமாயின் அதன் உறவான பறங்கிக் கிருமியும் அழியும் என்பது விரைவில் உறுதியாயிற்று.

பெனிசிலின் எவ்வாறு கிருமியைக் கொல்கின்றது என்பதை அறிந்தாலன்றி அடுத்த படி விளங்காது. பற்றீரியாக்கள் பெரும்பாலும் தம்மைச் சூழ ஒரு சுவரைக் கட்டிக்கொண்டு வாழ்வன. ஒன்று இரண்டாகப் பிரியும்போது புதுச்சுவர் எழுப்பவேண்டும். அவ்வேலையைப் பெனிசிலின் தடுக்கின்றது. சுவர் கட்ட முடியாத கிருமி வெடித்துச் சாகின்றது. ஆகவே பிரியாது சும்மா இருக்குங் கிருமியை இம்மருந்து அதிகம் தாக்காது. குடலில் வாழும் சில பற்றீரியாக்கள் இருபது நிமிடத்துக்கொருமுறை பிரிவன. பறங்கி, மேகக் கிருமிகளின் இனமோ ஒருமுறை பிரிவதற்கு முப்பது மணித்தியாலம் வரை எடுத்துக்கொள்ளும். நீரில் கரைத்த பெனிசிலின் சில மணித்தியாலங்களில் சிறுநீரோடு கழிந்துபோகும். மருந்து வந்து போன வேளையில் கிருமி உறங்கிக் கிடந்தால் பயன் என்ன?

எனவே வேண்டப்பட்டது மிகுந்த அளவன்று, நீண்ட காலம் உடலில் தங்கும் சிற்றளவு. முதலில் எண்ணெயோடு கலந்த புரோக்கேன் பெனிசிலினும், 1950களில் பென்சதீன் பெனிசிலினும் இத்தேவையை நிறைவேற்றின. தசையில் ஒருமுறை ஏற்றினால் பென்சதீன் பெனிசிலின் வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கசிந்துகொண்டிருக்கும். வளர்ந்தோருக்கு 12 இலட்சம் அலகு, பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 6 இலட்சம் அலகு; ஒரே ஊசி. மறுபடி வராத நோயாளி என்னும் இடர்ப்பாடு இவ்வாறு நீங்கியது. நல்ல மருந்தைத் தெரிவது என்றால் கிருமியைக் கொல்லும் பொருளைத் தெரிவது மாத்திரமன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது. நோயாளி எத்தனை மைல் நடந்து வருகின்றான் என்பதும் அத்தெரிவில் அடங்கும்.

உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியமும் 1952 முதல் 1964 வரை 46 நாடுகளில் இந்த ஊசியைக் கொண்டு சென்றன. ஏறக்குறைய 5 கோடி மக்கள் மருந்து பெற்றனர். உலகில் நோய் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு குறைந்ததாகக் கணக்கிடப்பட்டது. ஓர் ஊரில் பத்தில் ஒருவருக்கு மேல் புண் காணப்பட்டால், புண் இல்லாதோர் உட்பட அவ்வூரார் அனைவருக்கும் ஊசி போடுதல் அக்காலத்து விதி. கிருமி புகுந்து இன்னும் புண் வெளிப்படாதவரை விட்டுவைத்தால் நோய் மீளும் என்பது அதன் காரணம். இலங்கையிலும் பெனிசிலின் வந்த பின்னர்ப் பறங்கிப்புண் அரிதாகி, இன்றைய வைத்திய மாணவன் புத்தகத்துப் படத்திலே மாத்திரம் காணும் நோயாயிற்று. அயல்நாடாகிய இந்தியா இந்நோய் நீங்கிய நாடென 2016இல் உறுதிசெய்யப்பட்டது.

எண்பது ஆண்டுகளாகப் பெனிசிலினைப் பயன்படுத்தியும், இந்தக் கிருமியினம் அதனை எதிர்த்து நிற்கக் கற்கவில்லை. அது நல்லூழ் என்றே சொல்லவேண்டும். 2012இல் பப்புவா நியூகினியில் நடந்த ஆராய்ச்சியொன்று, வாயால் உட்கொள்ளும் அசித்திரோமைசின் ஒருவேளை மருந்தே ஊசிக்கு நிகர் என்று காட்டியது. ஊசிக்கு அஞ்சும் பிள்ளைகளுக்கு அது பெருவரம். ஆனால் 2018இலேயே அந்நாட்டில் அசித்திரோமைசினுக்கு அசையாத பறங்கிக் கிருமி தோன்றிய செய்தியும் வெளிவந்தது.

பறங்கி நோய் மறைந்த கதையைக் கேட்டோர், பெனிசிலின் ஊசி எதையும் தீர்க்கும் என்று எண்ணியதில் வியப்பில்லை. கிராமங்களில் ‘ஊசி போட்டால்தான் சுகம்’ என்னும் நம்பிக்கை வேரூன்றியது. ஆனால் வன்னியின் காய்ச்சல்கள் அந்நம்பிக்கைக்குப் பணியவில்லை. மலேரியாவைத் தருவது பற்றீரியா அன்று. பெனிசிலின் அதனை அணுகாது. 1946க்குப் பின் டீ.டீ.ரீ. தெளித்ததனால் மலேரியா விரைந்து குறைந்து, 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கே கண்டது. கவனம் தளர்ந்ததும் 1960களின் இறுதியில் மீண்டும் இலட்சக்கணக்கில் பெருகியது. பின்னர் நெடுங்கால முயற்சியால் 2012க்குப் பின் உள்நாட்டில் தொற்றிய மலேரியா இல்லை என்னும் நிலை எய்தி, 2016இல் இலங்கை மலேரியாவற்ற நாடாக உறுதிசெய்யப்பட்டது. வற்றாப்பளைக் கண்ணகியம்மனை வேண்டி மக்கள் ஆறுதல் தேடிய அம்மை நோய்களும், இக்காலத்து டெங்குக் காய்ச்சலும் வைரசால் வருவன. பற்றீரியாவைக் கொல்லும் மருந்து எதுவும் அவற்றுக்குப் பொருந்தாது.

மலேரியா நீங்கியதால் வன்னியின் காய்ச்சலை அறிவது எளிதாயிற்று என்று எண்ணலாம். உண்மை அதற்கு மாறானது. முன்னர் நடுங்கிக் காய்ந்தால் மலேரியா என்று இரத்தம் சோதித்தனர். இன்று அதே நடுக்கத்துக்கும் தலையிடிக்கும் பின்னால் நான்கு பற்றீரியா நோய்களாவது மறைந்திருக்கக்கூடும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

வயற்சேற்றில் இறங்கும் விவசாயிக்கு வருவது எலிக்காய்ச்சல். இதன் கிருமியும் பறங்கிக் கிருமியைப் போலச் சுருளுருவினது. கடுநோய்க்குப் பெனிசிலின் ஊசியும், தொடக்கத்தில் டொக்சிசைக்கிளின் குளிசையும் பயன்படும். 2008இல் நாடு முழுவதும் இந்நோய் பெருகியது. 2024 டிசம்பரில், பெருவெள்ளத்தின் பின் யாழ்ப்பாண மாவட்டத்தில் சில உயிர்களைக் கொண்ட காய்ச்சல் எலிக்காய்ச்சலே என இனங்காணப்பட்டது. வயலில் இறங்குமுன் வாரமொருமுறை டொக்சிசைக்கிளின் உட்கொள்ளுமாறு சுகாதாரப் பகுதியினர் விவசாயிகளுக்கு அறிவுறுத்துவது இதனாலேயே.

பற்றைக்காட்டை வெட்டித் துப்புரவாக்குவோருக்கு வருவது உண்ணிக்காய்ச்சல். 2009க்குப் பின் மீளக் குடியேறிய வன்னி மக்கள் காடடர்ந்த காணிகளையே திருத்தவேண்டியிருந்தனர் என்பது நினைவுகூரத்தக்கது. நுண்ணிய உண்ணிக் குஞ்சு கடித்த இடத்தில், சுருட்டால் சுட்டது போலக் கருமையான பொருக்கு ஒன்று தோன்றும். அக்குள், அரை, முழங்காலின் பின்புறம் ஆகிய மறைவிடங்களிலே அது இருப்பதால் நோயாளியே அறியமாட்டான். வைத்தியர் தேடிப் பார்த்தாலன்றித் தென்படாது. இக்கிருமி மனித உயிரணுவுக்குள்ளே புகுந்து வாழ்வது. சுவரும் நலிந்தது. ஆகவே பெனிசிலின் எத்தனை ஊசி போட்டாலும் வீண். டொக்சிசைக்கிளின் கொடுத்தாலோ பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் விடுகின்றது.

இந்நோய்க்கு மருந்து கண்ட வரலாற்றிலேயே நெருப்புக்காய்ச்சலுக்கும் மருந்து கிடைத்தது. 1947இல் வெனிசுவேலா நாட்டு மண்ணிலிருந்து குளோரம்பெனிக்கோல் பிரித்தெடுக்கப்பட்டது. 1948இல் அமெரிக்க வைத்தியர் ஸ்மெடல் குழுவினர் அதனை மலாயாவுக்குக் கொண்டுவந்து கோலாலம்பூரில் உண்ணிக்காய்ச்சல் நோயாளருக்குக் கொடுத்தனர். உண்ணிக்காய்ச்சல் என்று கருதி மருந்து கொடுக்கப்பட்டோருள் சிலருக்கு உண்மையில் இருந்தது நெருப்புக்காய்ச்சல் எனப் பின்னர் தெரியவந்தது. அவர்களும் தேறினர். அதுவரை வாரக்கணக்கில் பட்டினியும் பொறுமையுமே மருந்தாயிருந்த நெருப்புக்காய்ச்சலுக்கு வழி பிறந்தது இவ்வாறே. ஒரு பிழையால் நன்மை விளைந்த இது போன்ற நிகழ்ச்சி வைத்திய சரித்திரத்தில் மிகச் சில.

அந்த வெற்றி நிலைக்கவில்லை. 1972இல் மெக்சிக்கோவிலும் கேரளத்துக் கோழிக்கோட்டிலும் குளோரம்பெனிக்கோலுக்கு அடங்காத நெருப்புக்காய்ச்சல் பரவியது. அதன்பின் வந்த சிப்புரோபுளொக்சசினும் சில ஆண்டுகளில் வலியிழந்தது. 2016 முதல் பாக்கிஸ்தானின் சிந்து மாகாணத்தில் செப்ரியாக்சோனுக்கும் அடங்காத வகை தலைகாட்டியது. நெருப்புக்காய்ச்சல் நெடுங்காலம் நிலைத்த வடபகுதியில், இரத்தத்தை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்த்து, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று அறிவது இன்று வைத்தியரின் முதற்கடமைகளுள் ஒன்று. முதல் மருந்து கொடுக்குமுன் இரத்தம் எடுக்கப்படல் வேண்டும். கடையில் வாங்கிய இரண்டு குளிசையை விழுங்கிவிட்டு வருபவரின் இரத்தத்தில் கிருமி வளராது. நோய் மாத்திரம் நிற்கும்.

நான்காவது நோய், அண்மைக்காலம் வரை இலங்கையில் பெயரே கேட்கப்படாதது. 1912இல் இரங்கூனில் விற்மோர் என்னும் ஆங்கிலேயரும் அவர் துணைவர் கிருஷ்ணசாமியும் விவரித்த மெலியோய்டோசிஸ் அது. சேற்றிலும் நீரிலும் வாழும் கிருமி, கீறிய காலின் வழியாகவோ மூச்சின் வழியாகவோ புகுந்து, நீரிழிவு உடையோரை அதிகம் தாக்கும். இலங்கையில் 1927இல் ஒருவருக்குக் காணப்பட்டதென எழுதப்பட்டது. அதன்பின் ஏறக்குறைய எண்பது ஆண்டு அரிய நோயென்றே கருதப்பட்டது. 2006 முதல் கொழும்பு வைத்திய பீடத்தார் ஆய்வுகூடங்களைத் தேடச் செய்தபோது நாட்டின் பல பகுதிகளிலும் தொடர்ந்து வெளிப்பட்டது. முன்னர் நோய் இல்லாமலிருக்கவில்லை, தேடியவர் இல்லை என்பதே உண்மை. அறிக்கை எழுதிய பழைய உத்தியோகத்தர்கள் புண்ணைக் கண்டு காய்ச்சலைக் காணாததற்கு இது நிகரானது.

இக்கிருமிக்குப் பெனிசிலினும் அம்பிசிலினும் ஜென்ரமைசினும் ஒரு பொருட்டல்ல. சாதாரண நியூமோனியா என்று கருதி இவற்றைக் கொடுத்தால் நோயாளி கைநழுவிவிடுவார். தாய்லாந்தில் நடந்த ஆராய்ச்சியில், செவ்ராசிடிம் என்னும் மருந்து கொடுத்தபோது இறப்பு நூற்றுக்கு 74இலிருந்து 37ஆகக் குறைந்ததென 1989இல் வெளியிடப்பட்டது. அம்மருந்தோ மெரோபெனமோ நரம்பு வழியே பத்துப் பதினான்கு நாளாவது செலுத்தப்படல் வேண்டும். அதன் பின்னரும் எஞ்சிய கிருமியை அழிக்கக் கோ-ரைமொக்சசோல் குளிசை மூன்று மாதமாவது உட்கொள்ளவேண்டும். ஓர் ஊசியோடு முடிந்த பறங்கி நோயிலிருந்து இது எத்துணைத் தூரம்! காலபோக மழையில் சேறு மிதித்து நோயுற்ற விவசாயி, கதிர் முற்றி, அரிவு வெட்டி, சூடடித்து நெல்லை வீடு சேர்க்கும் நாளிலும், உடலில் நோவு ஒன்றும் இல்லாத அந்நிலையிலும், நாள்தோறும் அக்குளிசையை விழுங்கிக்கொண்டிருக்கவேண்டியவராவார்.